மூக்கு போன வழி: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், நாய்க்குக் கேரட் கொடுக்கலாமா என்று கேட்டிருந்த ஒருவருக்குப் பதில் எழுதும்போது, எங்கள் வீட்டில் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்து மறைந்த பீகிள் நாயைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். நாங்கள் வாங்கிய முதல் இன நாய் அது என்பதும், முதல் இரண்டு ஆண்டுகள் அது எங்களைப் படுத்திய பாட்டைத் தெருவே அறியும் என்பதும்தான் அந்த நான்கு வரிகளின் சாரம். அதைப் படித்துவிட்டு நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வந்த கடிதங்களில் பாதி, ‘எங்கள் வீட்டிலும் இதே கதைதான்’ என்று தொடங்குகின்றன. ஆகவே இம்முறை இந்தப் பகுதியை அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன். நான் கால்நடை மருத்துவன் அல்லன். குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவன். மருந்தின் பெயரையும் அளவையும் கேட்டிருப்பவர்கள் அவற்றை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன்.

கோத்தகிரி வாசகி: இதற்கு முன் நாங்கள் வளர்த்ததெல்லாம் நாட்டு நாய்கள்தான். பிள்ளைகள் பிடிவாதம் பிடித்ததால் ஒரு பீகிள் குட்டி வாங்கினோம். இப்போது அதற்கு எட்டு மாதம். வீட்டுக்குள் ‘வா’ என்றால் வருகிறது. வாசலைத் தாண்டிவிட்டால் நாங்கள் யாரென்றே அதற்குத் தெரிவதில்லை. தேயிலைக்குள் புகுந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்புகிறது. வந்ததும் என் கணவர் இரண்டு அடி போடுகிறார். இது முட்டாள் நாயா, அல்லது எங்கள் வளர்ப்புச் சரியில்லையா?

இரண்டும் இல்லை. உங்கள் நாய் அதன் தொழிலைப் பார்க்கிறது. பீகிள் என்பது இங்கிலாந்தில் முயல் வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனம். முயல் ஓடிப்போன தடத்தின் வாடையை மண்ணிலிருந்து எடுத்து, கூட்டமாகக் குரல் கொடுத்துக்கொண்டு, மணிக்கணக்கில் விடாமல் தொடர்வதுதான் அதற்கு இட்ட வேலை. அந்த வேட்டையில் நாய்கள் முன்னால் போகும். மனிதர்கள் நடந்தே அவற்றின் பின்னால் போவார்கள். தடத்தை விட்டுவிட்டு எஜமானனின் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும் குட்டியை அந்தக் காலத்து வளர்ப்பாளர் எவரும் அடுத்த ஈற்றுக்கு வைத்துக்கொண்டிருக்க மாட்டார். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பது நம் பழமொழி. பீகிளின் வாலோ பிறவியிலேயே நிமிர்ந்து நிற்பது, அதன் நுனியில் வெள்ளை வேறு. உயர்ந்த புல்லுக்குள் நாய் எங்கே போகிறது என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரிவதற்கு அது உதவியது. உங்கள் தேயிலைக்குள் அந்த வெள்ளை நுனி மறைவதைத்தான் நீங்கள் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இந்த வகை நாய்கள் நம் மலைக்குப் புதியவை அல்ல. பீகிளின் பெரிய உறவினமான ஃபாக்ஸ்ஹவுண்ட் நாய்களை ஆங்கிலேயர்கள் தங்கள் நாட்டிலிருந்து கொண்டுவந்து, உதகையை அடுத்த வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் குதிரைமீதேறி நரி வேட்டை ஆடினார்கள். ஆனால் அந்த நாய்களைக் கவனிப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். அவற்றுக்கு ஓடுவதற்குப் புல்வெளி இருந்தது. நமக்கோ முன்வாசல், பின்வாசல், நடுவில் ஒரு தேயிலைச் சரிவு. ஒரே இரவில் அந்தச் சரிவின் வழியே கேளையாடும் காட்டுமுயலும் பன்றியும் கரடியும் காட்டெருமையும் கடந்து போயிருக்கும். பனி இறங்கிய ஈர மண்ணில் வாடை நெடுநேரம் நிற்கும். காலையில் கதவைத் திறந்ததும் உங்கள் நாய்க்குக் கிடைப்பது அன்றைய செய்தித்தாள் முழுவதும். அதைப் படித்துக்கொண்டிருக்கும்போது ‘வா’ என்றால், படிப்பில் மூழ்கிய பிள்ளையின் காதில் விழாதது போல்தான் அதன் காதிலும் விழுவதில்லை.

அடிப்பதைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும். 2009-இல் வாங்கிய எங்கள் நாய்க்குச் சோழன் என்று பெயர் வைத்தோம். பெயருக்கேற்ப அது யாருக்கும் அடங்கவில்லை. உங்கள் குட்டியின் வயதில், வடகிழக்குப் பருவமழை சற்று விட்டிருந்த ஒரு நவம்பர் மாலையில் அது ஓடிப்போயிற்று. இரண்டு மணி நேரம் டார்ச் விளக்கோடு சரிவில் இறங்கித் தேடிவிட்டு, கால் முழுக்கச் சேறும் அட்டையுமாக நான் வீட்டுக்கு வந்து நின்ற சில நிமிடங்களில், சோழன் தானாகவே கேட்டுக்குள் நுழைந்தது. காதெல்லாம் ஒட்டுப்புல், வால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அடியாத மாடு படியாது என்று கேட்டே வளர்ந்தவன் நான். கையிலிருந்த குடையால் இரண்டு வைத்தேன். மறுவாரம் மறுபடியும் ஓடியது. அன்றும் திரும்பி வந்தது. ஆனால் கேட்டுக்கு வெளியே, என் கைக்கு எட்டாத தொலைவில், பத்தடி தள்ளி உட்கார்ந்துகொண்டது. நான் ஓரடி முன்னால் வைத்தால் அது ஓரடி பின்னால் போனது. இருட்டிய பிறகும் நாங்கள் இருவரும் அப்படியே நின்றோம். கடைசியில் என் மனைவி அடுப்படியில் அதன் சாப்பாட்டுத் தட்டைத் தட்டிய பிறகுதான், என்னை ஒரு பெரிய வட்டமாகச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக உள்ளே போனது. ஓடிப்போனதற்காக அடித்தேன் என்று நான் நினைத்திருந்தேன். திரும்பி வந்தால் அடி விழும் என்று அது புரிந்துகொண்டிருந்தது. உங்கள் கணவரிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

இனிச் செய்யக்கூடியது. ‘வா’ என்ற சொல் உங்கள் வீட்டில் கெட்டுவிட்டது. அதை அப்படியே விட்டுவிட்டு வேறொரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அந்தச் சொல் ‘கேரட்’. கேத்திப் பக்கத்திலிருந்து வரும் கேரட்டைச் சிறு துண்டுகளாக நறுக்கி வைத்துக்கொண்டு, அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் ஒரு துண்டு கொடுத்தோம். முதலில் அடுப்படியில், பிறகு கூடத்தில், பிறகு வாசலில் என்று மூன்று வாரம் போயிற்று. அடுப்படியில் கற்றது தோட்டத்துக்கு வராது. தோட்டத்தில் மீண்டும் முதலிலிருந்து கற்பிக்க வேண்டும். வெளியே கேரட்டும் போதவில்லை. கேளையாட்டின் வாடையோடு போட்டியிட வேண்டுமானால் வேகவைத்த ஈரல் வேண்டும். அதனால் சொல் மட்டும் கேரட்டாகவே இருக்க, கையில் ஈரலை வைத்துக்கொண்டு தேயிலைச் சரிவில் நின்று ‘கேரட், கேரட்’ என்று நான் கூவியதைக் கேட்டுக் கொழுந்து பறிக்கும் பெண்கள், என்ன விலை என்று விசாரித்தார்கள்.

இந்தப் பயிற்சிக் காலம் முழுவதும் நாயை அவிழ்த்துவிடக் கூடாது. பத்து மீட்டர் நீளமுள்ள கயிற்றைக் கழுத்துப் பட்டையில் கட்டாமல், மார்பைச் சுற்றி வரும் பட்டையில் கட்டுங்கள். ஓடிப்போய்க் கயிறு இழுபடும்போது கழுத்து வெட்டி இழுக்கப்படாமல் இருக்கும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். என் வலது உள்ளங்கையில் நைலான் கயிறு அறுத்த தழும்பு இன்னும் இருக்கிறது. ஓடிப்போய்த் திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் நாய் தானே தனக்குப் பரிசு கொடுத்துக்கொள்கிறது என்பதால், ஓட வாய்ப்பே இல்லாமல் செய்வதுதான் பயிற்சியின் பாதி. அழைத்து வந்தவுடனேயே கட்டி உள்ளே தள்ளவும் கூடாது. வந்தால் விளையாட்டு முடிந்தது என்று அது கணக்குப் போட்டுவிடும். பத்து முறை அழைத்தால் ஒன்பது முறை தின்னக் கொடுத்துவிட்டு மறுபடியும் மோப்பம் பிடிக்க விட்டுவிடுங்கள்.

அதன் மூக்குக்கு நீங்களே வேலை கொடுங்கள். காலையில் இருபது நிமிடம் கயிற்றின் ஒரு முனையில் நீங்கள் இருக்க, எங்கே போவது என்பதை அது முடிவு செய்யட்டும். அந்த இருபது நிமிடத்தில் ஒரே வேலிக்காலைச் சுற்றி அது பத்து நிமிடம் செலவிட்டாலும் இழுக்காதீர்கள். ஒரு வேளைச் சாப்பாட்டைத் தட்டில் வைக்காமல், பழைய கோணிச் சாக்கின் மடிப்புகளுக்குள் ஒளித்து வைத்துத் தேட விடுங்கள். சோழன் அரை மணி நேர ஓட்டத்தில் களைத்ததைவிட, சாக்கிலிருந்து நாற்பது தீவன உருண்டைகளைத் தேடி எடுத்ததில் அதிகம் களைத்துப் படுத்தது.

எட்டு மாதம் என்பது எல்லா நாய்க்கும் கெட்ட வயது. குட்டியாக இருந்தபோது கேட்டதையும் இப்போது கேட்காது. ஒன்றரை வயதுக்குமேல், சிலவற்றுக்கு இரண்டு வயதுக்குமேல், கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: பதின்மூன்று ஆண்டுகளில், வேலி இல்லாத இடத்தில் சோழனை முழுமையாக நம்பி நான் ஒரு நாளும் அவிழ்த்துவிட்டதில்லை. பத்துக்கு எட்டு முறை வருவது பீகிளுக்குச் சிறந்த தேர்ச்சி. மீதி இரண்டு முறையில் ஒன்று காட்டெருமையின் முன்னாலும் இருக்கலாம், சாலை வளைவிலும் இருக்கலாம். வேலியின் அடியில் கல் பதியுங்கள். அது மேலே தாண்டுவதைவிடக் கீழே தோண்டும். கழுத்துப் பட்டையில் உங்கள் தொலைபேசி எண்ணைப் பொறித்த தகடு ஒன்றைத் தொங்கவிடுங்கள்.

அருவங்காடு வாசகர்: எங்களுடையதும் பீகிள்தான். நானும் மனைவியும் வேலைக்குப் புறப்பட்டதும் ஊளையிடத் தொடங்கி, மாலை வரை நிறுத்துவதில்லையாம். பக்கத்து வீட்டார் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். கட்டிப் போட்டால் அடங்குமா?

அடங்காது, கூடும். கூட்டமாக வாழ்வதற்கென்றே வளர்த்தெடுத்த நாய் தனியாக விடப்படும்போது தன் கூட்டத்தைக் கூப்பிடுகிறது. அந்தக் குரல் மலைச்சரிவைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட குரல் என்பதை உங்கள் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிப் பயனில்லை. அவர்களுக்கு ஒரு பெட்டி வர்க்கி வாங்கிக் கொடுத்து, இரண்டு மாதம் பொறுத்துக்கொள்ளச் சொல்வது பயன்படும். நான் அப்படித்தான் செய்தேன்.

அந்த இரண்டு மாதத்தில் தனிமையை அதற்குப் படிப்படியாகப் பழக்க வேண்டும். கதவைச் சாத்திவிட்டு அரை நிமிடத்தில் திரும்பி வாருங்கள். பிறகு ஒரு நிமிடம், மூன்று நிமிடம், பத்து நிமிடம். ஊளை தொடங்குவதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும் என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். ஊளையிட்ட பிறகு திரும்பினால், ஊளையிட்டதால் வந்தார்கள் என்று ஆகிவிடும். போகும்போது கொஞ்சுவதும் வந்ததும் கொண்டாடுவதும் வேண்டாம். புறப்படுவதற்கு முன் முக்கால் மணி நேர நடை, போகும்போது தேடித் தின்ன ஒரு கோணிச் சாக்கு. ஊளையிடும்போது உள்ளேயிருந்து நீங்கள் சத்தம் போட்டால், நீங்களும் கூட்டத்தோடு சேர்ந்து பாடுவதாக அது மகிழ்ந்துபோகும். துணைக்கு இன்னொரு நாய் வாங்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்கும் எண்ணம் இருந்தால், முதல் நாய் அடங்கிய பிறகு கேளுங்கள். ஒரு பீகிள் கற்றுக்கொடுப்பதை இன்னொரு பீகிள் ஒரே வாரத்தில் கற்றுக்கொள்ளும். வீட்டில் யாரும் இல்லாத ஒன்பது மணி நேரம் எந்த நாய்க்கும் அதிகம். நடுப்பகலில் யாராவது ஒருவர் வந்து அதை வெளியே அழைத்துப் போக ஏற்பாடு செய்யாமல் மற்றவை பலிக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

சங்கிலியைப் பற்றி ஒரு வார்த்தை. 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், தன் 11-ஆவது பிரிவில், வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்கு உரிய நடமாட்டம் கொடுக்கத் தவறுவதையும் குற்றமாகவே சொல்கிறது. நாய் வளர்க்கும் நூறு வீடுகளில் இதை அறிந்தவை எத்தனை என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

உதகமண்டலம் வாசகர்: மே மாத நாய்க் கண்காட்சியைப் பார்த்ததிலிருந்து உயர் ஜாதி நாய் வாங்க ஆசை. கே.சி.ஐ. சான்றிதழ் உள்ள குட்டிக்கும் இல்லாததற்கும் விலையில் பெரிய வேறுபாடு சொல்கிறார்கள். சான்றிதழ் அவசியமா?

முதலில் சொல்லை மாற்றிக்கொள்வோம். நாயில் உயர்ந்த ஜாதியும் இல்லை, தாழ்ந்த ஜாதியும் இல்லை. மனிதரிடம் போதுமான அளவு இருக்கிறது, நாயிடமும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டாம். தூய இனம் என்பதற்கு, அதன் தாயும் தந்தையும் பாட்டனும் யாரென்று பதிவு இருக்கிறது என்று மட்டுமே பொருள்.

கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழ் அந்த வம்சாவளியைத்தான் சொல்லும். நாயின் உடலுக்குள் ஏற்றிய மைக்ரோசிப் எண்ணும் அதில் பதிவாகும். எண்ணைக் கருவியால் படித்துச் சரிபார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். குட்டியின் உடல்நலத்தையோ குணத்தையோ அந்தத் தாள் உறுதி செய்வதில்லை. அவற்றைத் தெரிந்துகொள்ளத் தாய் நாயை அதன் இடத்திலேயே போய்ப் பார்க்க வேண்டும். தாய் ஆளைக் கண்டு பதுங்கினாலோ உறுமினாலோ குட்டியின் அழகைப் பார்க்காமல் திரும்பிவிடுங்கள். நாய் வளர்ப்பு, விற்பனை பற்றிய 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. சோழனை எங்களுக்குச் சமவெளியில் ஒரு வளர்ப்பாளர் முப்பத்தைந்தாம் நாளில், அட்டைப் பெட்டியில் வைத்துப் பேருந்து நிலையத்தில் கொடுத்தார். தாயை நாங்கள் பார்க்கவே இல்லை. குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடும்போதுதான், எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதைக் கற்றுக்கொள்கின்றன. அந்தப் பாடத்தை நடுவில் நிறுத்தி அழைத்து வந்ததன் விலையை என் மகளின் கைகள் ஆறு மாதம் கொடுத்தன. ‘சின்ன நாய், தொந்தரவே இருக்காது’ என்று அவர் சொன்னதையும் நம்பினேன். பதினான்கு கிலோ நாயிடம் எவ்வளவு தொந்தரவு அடங்கும் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

கண்காட்சிக்கு மறுபடியும் போங்கள். தென்னிந்திய கென்னல் கிளப் நடத்தும் அந்தக் கண்காட்சியில் வளையத்துக்குள் நடக்கும் நாய்களைப் பார்ப்பதைவிட, கூடாரத்தின் பின்னால் நாயைச் சீவிக்கொண்டிருக்கும் உரிமையாளரிடம் பேச்சுக் கொடுப்பது உங்களுக்கு உதவும். ‘இந்த இனத்தில் உங்களுக்குப் பிடிக்காதது என்ன?’ என்று கேளுங்கள். நல்ல வளர்ப்பாளர் அதற்கு அரை மணி நேரம் பதில் சொல்வார். ‘ஒன்றுமே இல்லை’ என்கிறவரிடம் வாங்காதீர்கள்.

கொடைக்கானல் வாசகர்: எங்கள் ஊர் குளிர் ஊர். சைபீரியன் ஹஸ்கி இங்கே நன்றாக இருக்கும் அல்லவா?

சென்னையில் குளிர்சாதன அறைக்குள் வாழும் ஹஸ்கியைவிட உங்கள் ஊர் ஹஸ்கி நன்றாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் நீங்கள் நாயின் தோலுக்கு ஊர் தேடுகிறீர்கள். அதன் காலுக்கு என்ன ஏற்பாடு? பனிச்சறுக்கு வண்டியை நெடுந்தூரம் இழுப்பதற்கு உருவான இனம் அது. ஏரியைச் சுற்றிவரும் ஐந்து கிலோமீட்டர் நமக்கு நல்ல நடை. ஹஸ்கிக்கு அது சோம்பல் முறிப்பது. ஓட்டம் கிடைக்காத ஹஸ்கி வேலியைத் தாண்டும், தாண்டினால் கோழியையும் ஆட்டுக்குட்டியையும் துரத்தும். பூம்பாறைப் பக்கமோ மன்னவனூர்ப் பக்கமோ ஆடு மேய்ப்பவர்கள் அருகில் உங்கள் வீடு இருக்குமானால், வேண்டாம் என்பதே என் பதில். இரட்டை அடுக்கு முடி மழைக்காலத்தில் அடிவரை உலராமல் தோல் புண்ணாகும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதே கடிதத்தில், அப்படியானால் நம் நாட்டு இனங்களில் ஒன்றை வாங்கட்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம், ஆனால் நம் ஊர் இனம் என்பதால் வளர்ப்பது எளிது என்று எண்ண வேண்டாம். 2005-இல் அஞ்சல் தலையில் இடம்பெற்ற ராஜபாளையமும், சிப்பிப்பாறையும், உங்கள் மலையடிவாரத் தேனி மாவட்டத்துக் கோம்பையும் வேட்டைக்கும் காவலுக்கும் உருவானவை. பீகிள் மூக்கால் ஓடுவது போல் சிப்பிப்பாறை கண்ணால் ஓடும். அதன் ஓட்டத்துக்குப் பீகிளின் ஓட்டம் எந்த மூலைக்கு? வெண்ணிற ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு என்பதால், குட்டியின் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்து வாங்குங்கள். இவற்றுக்கு முடி குறைவு. டிசம்பர், ஜனவரி உறைபனியில் வெளியே படுக்க விடக்கூடாது.

கூடலூர் வாசகி: எவ்வளவு குளிப்பாட்டினாலும் உண்ணி போகவில்லை. மாட்டுக்குத் தெளிக்கும் மருந்தையே அளவு குறைத்து அடிக்கலாம் என்கிறார் எங்கள் பால்காரர்.

பால்காரர் மாட்டைப் பற்றிச் சொல்வதைக் கேளுங்கள். மாட்டு மருந்தின் அடர்த்தி வேறு. அதை நக்கிய நாய் நரம்பு பாதித்து நடுங்கிப்போகும். இனத்துக்கு இனம் மருந்து ஒத்துக்கொள்வதும் மாறும்: பலரும் தாராளமாகப் போடும் ஐவர்மெக்டின் ஊசி, கோலி போன்ற மேய்ப்பு இனங்களில் மரபணுக் குறை உள்ள நாய்களுக்கு உயிருக்கே ஆபத்தாகும். உங்கள் நாய் என்ன இனம் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை கொடுக்கும் மாத்திரையோ பிடரியில் விடும் சொட்டு மருந்தோ அவர் எடைக்கேற்பத் தருவார்.

தினமும் நடை முடிந்து வந்ததும் காது மடலின் உள்புறம், கழுத்துப் பட்டையின் அடி, விரலிடுக்கு, வால் அடி ஆகிய நான்கு இடங்களையும் விரலால் தடவிப் பாருங்கள். நாய் சோர்ந்து, காய்ச்சலோடு, ஈறு வெளுத்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கக்கூடும். மறுநாள் பார்க்கலாம் என்று விடக்கூடாத நோய் அது. தொங்கு காது நாய்களுக்கு நம் ஊர்ப் பனியில் இன்னொரு தொல்லையும் உண்டு. காதுக்குள் காற்றுப் புகாமல் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். காதைத் தூக்கி மோந்து பாருங்கள். புளித்த மாவு வாடை வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே விடாதீர்கள்.

குன்னூர் வாசகர்: சிறுத்தை நடமாட்டம் இருப்பதால் காவலுக்கு ஜெர்மன் ஷெப்பர்ட் வாங்கி, இரவில் வாசலில் கட்டலாம் என்றிருக்கிறேன்.

வாசலில் கட்டிய நாய் சிறுத்தைக்குக் காவல் அல்ல, இரை. எந்தப் பெரிய இனமும் சங்கிலியில் இருக்கும்போது ஓட முடியாது. அந்தி சாய்வதற்கு முன் உள்ளே அழைத்துக்கொண்டு கதவைச் சாத்துங்கள். உள்ளேயிருந்து குரைத்தாலே நீங்கள் விழித்துக்கொள்வீர்கள். வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாமல் போடுங்கள்; வெறிநோய்ச் சிகிச்சைக்கென்று 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிலையம் இருக்கும் ஊரிலேயே தடுப்பூசி போடாத நாய்கள் இருப்பது எனக்கு இன்றும் விளங்காத ஒன்று. டிஸ்டம்பர் தடுப்பூசியையும் விட்டுவிடாதீர்கள்; அந்த நோய் நம் நாய்களிடமிருந்து காட்டிலுள்ள செந்நாய்களுக்கும் தொற்றும்.

உதகமண்டலம் வாசகி: வீட்டிலேயே சாக்லேட் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறேன். லாப்ரடார் குட்டி ஒரு துண்டு தின்றுவிட்டது. ஒன்றும் ஆகவில்லை. பயம் தேவையா?

தேவை. கொக்கோவிலுள்ள தியோபுரோமின் நாயின் உடலிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறும். சாக்லேட் எவ்வளவு கறுப்போ அவ்வளவு ஆபத்து. பால் சாக்லேட் ஒரு துண்டைத் தாங்கிய அதே குட்டி, சர்க்கரை சேர்க்காத கொக்கோ கட்டியைத் தாங்காது. திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பழம், பருப்பு பதித்த சாக்லேட் செய்கிறவர் என்பதால் இதையும் சொல்கிறேன். லாப்ரடாரும் பீகிளும் வயிறு நிறைந்தது என்று சொல்லத் தெரியாத இனங்கள். வேலை செய்யும் அறைக்குக் குட்டி தாண்ட முடியாத கதவு ஒன்று போடுங்கள். அலமாரியின் மேல்தட்டை நம்பாதீர்கள். சோழன் நாற்காலியை மூக்கால் தள்ளிக்கொண்டு போய் மேடையேறியதை நானே பார்த்திருக்கிறேன்.

பெருமாள்மலை வாசகர்: ஒன்றரை ஆண்டாக முயன்று பார்த்துவிட்டோம். வீட்டில் வயதான அம்மா இருக்கிறார். நாய் இழுத்து ஒருமுறை விழுந்துவிட்டார். இதைக் கொடுத்துவிடலாம் என்றால் பாவம் செய்வது போல் இருக்கிறது. நீங்கள் சோழனைக் கொடுத்துவிட நினைத்ததே இல்லையா?

நினைத்தேன். குடையால் அடித்த அந்த மாதத்தில், விற்றவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பணத்தைத் திருப்பித் தர முடியாது என்றார். பணம் வேண்டாம் என்றேன். நாயும் வேண்டாம் என்று வைத்துவிட்டார். நான் பொறுமைசாலி என்பதால் சோழன் எங்கள் வீட்டில் இருக்கவில்லை, போக இடமில்லாமல் இருந்தது. பிறகுதான் நாங்கள் இருவரும் பழகினோம். எல்லா வீட்டிலும் அப்படி முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். எழுபது வயதைத் தாண்டிய தாயார் இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட பிறகு முடிவெடுப்பதைவிட இப்போதே எடுப்பது நல்லது. அதில் பாவம் ஒன்றும் இல்லை. மலைப்பாதையில் வண்டியை நிறுத்தி இறக்கிவிட்டுப் போகிறார்களே, அதுதான் பாவம். சட்டப்படி குற்றமும் அதுவே. சுற்றுலாக் காலம் முடிந்ததும் கழுத்துப் பட்டையோடு அலையும் நாய்களை நம் இரண்டு மலைகளிலும் பார்க்கிறோம்.

விளம்பரம் கொடுத்து முன்பின் தெரியாதவரிடம் விடாதீர்கள்; குட்டி போட வைத்து விற்பதற்கென்றே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கருத்தடை செய்துவிட்டுக் கொடுப்பது அதற்கு ஒரு தடுப்பு. நிலமும் வேலியும் நடக்கக் காலும் உள்ள ஒரு குடும்பத்தைத் தேடுங்கள். உங்கள் மருத்துவரிடம் சொல்லி வைத்தால் அவருக்குத் தெரிந்திருக்கும். கொடுப்பதற்கு முன் புதியவர்களை மூன்று நான்கு முறை வரச் சொல்லி, அவர்கள் கையாலேயே தின்னக் கொடுக்கச் சொல்லி, ஒன்றாக நடந்து பாருங்கள். நாயின் குறைகளில் எதையும் மறைக்காதீர்கள். அது எதைக் கண்டு பயப்படும், எப்போது இழுக்கும், எந்த அலமாரியைத் திறக்கும் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். தடுப்பூசிச் சீட்டையும் அது படுத்த துணியையும் துவைக்காமல் சேர்த்துக் கொடுங்கள். எந்தச் சொல்லுக்கு அது திரும்பி வரும் என்பதைத் தாளின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள்.